தேதி தவறிய படங்கள்: விட்பி ஊரிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

சம்பந்தப்பட்டவரின் ஒப்புதலோடு எழுதப்பட்டது. யாருடைய பெயரும் இதில் இல்லை.

பின்னணி

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில், எஸ்க் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது விட்பி. கிழக்குக் குன்றின் உச்சியில் இடிந்து நிற்கும் மடாலயம், அதற்கு ஏறிப்போக 199 படிகள், ஆற்றின் இரு கரைகளையும் இணைக்கும் சுழல் பாலம், மீன்பிடித் துறைமுகம். கேமரா வைத்திருப்பவருக்கு இந்த ஊரில் வேலைக்குப் பஞ்சமே இல்லை. ஃபிராங்க் மெடோ சட்கிளிஃப் (1853-1941) இந்தத் துறைமுகத்தையும் மீனவர்களையும் கண்ணாடித் தகடுகளில் பிடித்துவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து இங்கே யார் படம் எடுத்தாலும் அவரோடு ஒப்பிடுவது ஊர் வழக்கம்.

இந்த ஆய்வுக்குரியவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். 2004-ல் முதல் டிஜிட்டல் கேமரா வாங்கியதிலிருந்து 2021 வரை ஊரையே எடுத்துக்கொண்டிருந்தார். மடாலயத்துக்குப் பின்னால் சூரியன் மறையும் படம் அவரிடமும் உண்டு. ஆனால் அவர் படங்களின் மதிப்பு வேறு இடத்தில் இருக்கிறது: மூடப்போகும் கடையின் கடைசி நாள், துறைமுகச் சேற்றை வாரும் படகு, ஆகஸ்ட் படகுப் போட்டிக்கு முன்தினம் கயிறு கட்டும் ஆட்கள், சாலையைத் தோண்டிப் போட்டிருக்கும் குழி, அதை வேடிக்கை பார்க்கும் கிழவர்கள். எடுத்த அன்று யாரும் திரும்பிப் பார்க்காத படங்கள் இவை.

2022 வசந்தத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலக்கை செயலிழந்தது, பேச்சும் போயிற்று. அறிவுக்கும் நினைவுக்கும் பாதிப்பில்லை, சொல்தான் வரவில்லை. மருத்துவத்தில் இதை அஃபேசியா என்கிறார்கள். அந்த ஆண்டு இலையுதிர் காலத்தில் அவர் மனைவி எங்கள் உள்ளூர் வரலாற்றுக் குழுவை அழைத்தார். படங்களை யாராவது பத்திரமாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். குழுவில் கணினி வேலைகளைப் பார்க்கும் தன்னார்வலன் நான்.

முதலில் கண்டது

கைக்கு வந்தவை இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளும் ஒரு பிஸ்கட் டின் நிறைய மெமரி கார்டுகளும். மொத்தம் 11,000 படங்களுக்குச் சற்று மேல். ஃபோல்டர்களின் பெயர்கள் ‘புதுசு’, ‘புதுசு 2’, ‘மடாலயம் நல்லது’, ‘பார்க்கணும்’ என்ற ரகம். ஒரு படத்துக்குக்கூடக் குறிப்பு இல்லை. குறிப்பெல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. கேட்டால் சொல்லியிருப்பார், ஆனால் 17 ஆண்டுகளில் யாரும் கேட்கவில்லை.

குறிப்பு இல்லாவிட்டால் என்ன, டிஜிட்டல் படத்துக்குள் தேதி இருக்குமே என்று நினைத்தோம். இருந்தது. ஆனால் 2012 வரை அவர் பயன்படுத்திய முதல் கேமராவின் படங்களில் பெரும்பாலானவை ‘2003 ஜனவரி’ என்றன. அவர் கேமரா வாங்கியதே 2004-ல். காரணம் எளிது. கடிகாரத்தை ஓடவைக்கும் சின்ன உள் பேட்டரி செத்துவிட்டால், பெரிய பேட்டரியைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் கேமரா தன் பிறந்தநாளுக்குத் திரும்பிவிடும். இந்தக் கேமராவுக்குப் பிறந்தநாள் 2003 ஜனவரி 1, நள்ளிரவு 00:00.

இரண்டாவது கேமராவில் தேதி சரி, மணிதான் தவறு. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஒப்புதல்: முதல் முடிவு

படங்களைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டியிருந்தது. இவை யாருடையவை? பிரிட்டிஷ் சட்டப்படி பதிப்புரிமை எடுத்தவருக்கே. அவர் காலத்துக்குப் பின் 70 ஆண்டுகளுக்கு அது நீடிக்கும். ஆகவே அவருடைய எழுத்துமூல அனுமதி வேண்டும். மனைவி நல்லெண்ணத்தோடு, “நான் போட்டுத் தருகிறேன் கையெழுத்து” என்றார். குழுவில் இரண்டு பேர் அதுவே போதும் என்றார்கள். போதாது என்பது என் கருத்து. 2005-ஆம் ஆண்டின் மனத்திறன் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது: மாறாக நிறுவப்படும்வரை ஒருவருக்கு முடிவெடுக்கும் திறன் உண்டு என்றே கொள்ள வேண்டும், அவர் தன் முடிவைத் தெரிவிக்கத் தேவையான உதவிகளையெல்லாம் செய்து பார்க்க வேண்டும். பேச முடியாதவர் வேறு, முடிவெடுக்க முடியாதவர் வேறு.

அவருடைய பேச்சுப் பயிற்சியாளர் ஒரு வழி சொன்னார். பச்சை நிறத்தில் சரி குறியிட்ட அட்டை ஒன்று, சிவப்பில் தவறு குறியிட்டது ஒன்று. ஒவ்வொரு கேள்வியையும் இரண்டு விதமாகக் கேட்க வேண்டும். “படங்களைக் குழுவிடம் தரலாமா?” என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து, “படங்கள் வீட்டிலேயே இருக்கட்டுமா?” என்று கேட்பது. இரண்டுக்கும் பச்சை காட்டினால் அன்றைக்கு எழுந்து வந்துவிட வேண்டும், இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். அஃபேசியா உள்ளவர்களுக்கு ஆமாம்-இல்லை மாறிப்போவது உண்டு. அவருக்கு மாறவில்லை. குழு படங்களைக் காட்சிக்கு வைக்கலாம், பச்சை. விற்கலாமா, சிவப்பு. இடக்கையால் அவர் கையெழுத்துப் போட்டு முடிக்க நான்கு நிமிடம் பிடித்தது. யாரும் தாளைப் பிடித்து உதவப்போகவில்லை; அப்படிப் போயிருந்தால் கோபப்பட்டிருப்பார்.

எங்கள் பிழை

அப்புறம் நாங்கள் அவசரப்பட்டோம். இரண்டாவது கேமராவின் கடிகாரம் 2012 நவம்பரில், அதாவது குளிர்கால நேரத்தில் வைக்கப்பட்டு, பிறகு தொடப்படவே இல்லை என்று கோடைப் படங்களிலிருந்து தெரிந்தது. பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஆகவே ஒரு மணி நேரம் கூட்டினால் முடிந்தது வேலை. ஒரே கட்டளையில் அந்தக் கேமராவின் அத்தனை படங்களுக்கும் கூட்டினேன். குளிர்காலப் படங்களுக்கும் சேர்த்து. நான்தான் செய்தேன்.

கண்டுபிடித்தது குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர். சந்தைச் சதுக்கத்தில் 1788-ல் கட்டிய பழைய நகர மண்டபம் இருக்கிறது, மேலே கடிகாரத்தோடு. டிசம்பர் மாதப் படம் ஒன்றில் அதன் முள் 11:20 காட்டியது. நாங்கள் திருத்திய நேரம் 12:20 என்றது. நின்றுபோன கடிகாரமாக இருந்தால் என்ன செய்வது என்று, அதே நாளின் இன்னொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தோம். முள் நகர்ந்திருந்தது. கடிகாரம் சரி, நான்தான் தவறு.

நல்லவேளையாக, ஹார்ட் டிஸ்க்குகள் வந்த அன்றே தொடாத நகல் ஒன்றைத் தனியே எடுத்துப் பூட்டிவைத்திருந்தோம். அதிலிருந்து மறுபடி தொடங்கினோம். இந்த முறை ஆண்டுவாரியாக நகர மண்டபக் கடிகாரத்தோடு ஒப்பிட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. 2017 வசந்தத்தில் யாரோ, அநேகமாக அவரே, கேமராவில் கோடை நேரத்தைச் சரியாக வைத்திருக்கிறார். ஆனால் அக்டோபரில் திருப்பி வைக்கவில்லை. அதற்கு முன் கோடை தவறு, அதற்குப் பின் குளிர்காலம் தவறு. ஒரே கட்டளையில் தீரும் விஷயமாக இது எப்போதும் இருந்ததே இல்லை.

2003 ஜனவரிக்குள் ஒளிந்திருந்த ஆண்டுகள்

முதல் கேமராவின் சிக்கல் கடினமானது, ஆனால் அதற்குள்ளேயே திறவுகோலும் இருந்தது. பேட்டரி மாட்டியதும் கேமரா பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது. தொடக்கம் பொய், ஆனால் அதன்பின் ஓடிய நேரம் நிஜம். அடுத்த முறை பேட்டரி மாற்றும்வரை உள்ள படங்களை ஒரு கட்டு என்று வைத்துக்கொண்டால், கட்டுக்குள் ஒரே ஒரு படத்தின் உண்மையான நாளும் நேரமும் தெரிந்தால் போதும், கட்டு முழுவதும் தெரிந்துவிடும். கோப்புகளின் வரிசை எண், எந்தக் கட்டு முன், எந்தக் கட்டு பின் என்று சொல்லும்.

ஒரு கட்டை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். அதில் 50-க்கும் குறைவான படங்கள். ஒன்றில், ஒரு கம்பிவேலியில் ‘வாக்குச்சாவடி’ என்ற அறிவிப்புப் பலகை கட்டியிருந்தது. கேமராவின் கணக்கில் 2003 ஜனவரி 2, 02:10. இன்னொன்றில், துறைமுகத்தின் மேல்பகுதிச் சேற்றில் ஒருவர் கழிகளை ஊன்றத் தொடங்குகிறார். ஜனவரி 7, 17:10.

இரண்டாவது படம் எது என்று விட்பிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பென்னி ஹெட்ஜ் என்ற சடங்கு அது. 1159-ல் காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன மூன்று பிரபுக்கள் ஒரு துறவியைத் தாக்க, இறக்கும் தறுவாயில் அவர் விதித்த பிராயச்சித்தம் என்று கதை: ஆண்டுதோறும் கடல் வற்றியிருக்கும் நேரத்தில் கழியும் மிலாறும் கொண்டு வேலி பின்னி நட வேண்டும், அது மூன்று ஓதங்களைத் தாங்கி நிற்க வேண்டும். நட்டு முடித்ததும் கொம்பு ஊதி, “உங்களுக்கு வெட்கக்கேடு” என்ற பொருளில் மூன்று முறை கத்துவார்கள். கதை எவ்வளவு உண்மையோ, சடங்கின் நாள் துல்லியமானது: கிறிஸ்து விண்ணேற்றத் திருநாளுக்கு முந்தைய புதன்கிழமை, காலை 9 மணி. அது ஈஸ்டருக்கு 38 நாள் கழித்து வரும். நம் ஊர்த் தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி நகர்வதுபோல ஈஸ்டரும் நகர்வதால், இந்தப் புதன் 2008-ல் ஏப்ரல் 30, 2011-ல் ஜூன் 1. ஒரு மாத வித்தியாசம். எங்களுக்கு அதுதான் வசதி.

இரு படங்களுக்கும் இடைவெளி 5 நாள் 15 மணி நேரம். வேலி நடுவது 9 மணியை ஒட்டி என்றால் வாக்குச்சாவடிப் படம் ஆறு நாள் முந்தைய வியாழன் மாலை சுமார் 6 மணி. சரி, எந்த ஆண்டில் தேர்தலுக்கு ஆறு நாள் கழித்துப் பென்னி ஹெட்ஜ் வந்தது? 2007-ல் உள்ளாட்சித் தேர்தல் மே 3, வேலி மே 16. பொருந்தாது. 2011-ல் மே 5, ஜூன் 1. பொருந்தாது. 2015-ல் பொதுத்தேர்தல் மே 7, வேலி மே 13. கச்சிதம். 2015 என்று எழுதி மூடினோம்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றெல்லாம் இல்லை. மறுநாள் அவர் மனைவி, பழைய கேமராவின் பெட்டியைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தபோதுதான் உறைத்தது. புதிய கேமராவின் ரசீது 2012. பழையது அப்போதே பேரனுக்குப் போய்விட்டது. 2015-ல் அந்தக் கேமரா அவர் கையிலேயே இல்லை. மறுபடி பட்டியலைப் பார்த்தால், 2010-ல் பொதுத்தேர்தல் மே 6, வேலி மே 12. அதே ஆறு நாள். முதல் விடை பொருந்தியதும் மீதிப் பட்டியலைப் பார்க்காமல் விட்டிருக்கிறோம். திருத்திக் கணக்கிட்டால், அந்தப் பேட்டரி 2010 மே 5 மாலை 4 மணி வாக்கில் மாட்டப்பட்டது. அந்தக் கட்டின் படங்களுக்கெல்லாம் நாளும், கால் மணி நேரம் முன்பின்னாக மணியும் கிடைத்தன.

எல்லாக் கட்டுக்கும் இப்படி ஆணி கிடைக்கவில்லை. சிலவற்றுக்குக் காலம் மட்டும் தெரிந்தது. விட்பி வடக்கு பார்த்த கரை; நடுக்கோடையை ஒட்டிய நாட்களில் சூரியன் கடலில் எழுந்து கடலிலேயே விழும். எனவே அலைமேல் சூரியன் மறையும் ‘ஜனவரி’ப் படம் எதுவும் ஜனவரிப் படம் ஆகாது. அவற்றுக்கு ‘கோடை, ஆண்டு தெரியவில்லை’ என்று போட்டோம்.

இரண்டாவது கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. 2013 டிசம்பர் 5 அன்று வட கடல் பொங்கி ஊருக்குள் வந்ததும், 2015 மே 1-ல் முதல் டூர் டி யார்க்ஷர் சைக்கிள் பந்தயம் ஊர் வழியாகப் போனதும் நாள் பிசகாமல் இருந்தன.

பெயர்கள்

தேதியைக் கணக்குப் போட்டுப் பிடிக்கலாம், பெயரைப் பிடிக்க முடியாது. அவர் வீட்டில் வாரம் ஒரு அமர்வு, நாற்பது நிமிடம், இருபது படம். அதற்குமேல் அவர் களைத்துவிடுவார். நாங்கள் பெயர் சொல்வோம், அவர் அட்டை காட்டுவார். நடுவில் ஒரு சோதனைக் கேள்வி: மடாலயப் படத்தைக் காட்டி, வேறொரு ஊரின் பெயரைச் சொல்லி, “இது ஸ்கார்பரோவா?” சிவப்பு அட்டையோடு ஒரு முறைப்பும் கிடைக்கும்.

பெயர் எங்களுக்கே தெரியாத முகங்களுக்கு இந்த முறை உதவாது. அதற்காக ஒரு சனிக்கிழமை, மண்டபம் ஒன்றில் தேநீரோடு 140 படங்களை மேசைகளில் பரப்பி, ஒட்டுத்தாளும் பென்சிலும் வைத்தோம். மேசைகள் சீக்கிரமே மஞ்சளாகிவிட்டன. ஆனால் மீன்கூடை சுமக்கும் ஒருவருக்கு மட்டும் மூன்று பெயர்கள், மூன்றும் உறுதியாக. ஒருவர் எழுதியதைப் பார்த்து அடுத்தவர் எழுதுவதும் நடந்தது. அதனால் ஒரு விதி வைத்தோம்: மற்றவர் எழுதியதைப் பார்க்காத இரண்டு பேர் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும், அல்லது படம் எடுத்தவர் பச்சை அட்டை காட்ட வேண்டும். மூன்று பெயர்க்காரருக்கு மூன்றுமே சிவப்பு. அவர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை. படம் எடுத்தவருக்குத் தெரியும்.

எதைக் காட்டுவது

இங்கிலாந்தில் பொது இடத்தில் இருப்பவரைப் படம் எடுக்கத் தடை இல்லை. தனிப்பட்ட பொழுதுபோக்காக எடுத்து வீட்டில் வைத்திருப்பவரைத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தொடாது. குழுவின் கைக்கு வந்து, பெயரும் சேர்ந்து, காட்சிக்குப் போகும்போது நிலைமை வேறு. ஆகவே அடையாளம் தெரியும் குழந்தைகள் உள்ள படங்களைப் பாதுகாப்போம், இப்போதைக்கு வெளியிட மாட்டோம் என்று முடிவு செய்தோம். குழுவில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. சட்கிளிஃப் கடற்கரைச் சிறுவர்களை எடுக்கவில்லையா என்றார்கள். எடுத்தார். அந்தச் சிறுவர்கள் இப்போது இல்லை, இவர்கள் இதே தெருவில் கல்லூரிக்குப் போகிறார்கள்.

1994 முதல் நடக்கும் கோத் வார இறுதிகளின் (‘கோத்’ இசை ரசிகர்கள் ஊரில் கூடும் விழா) படங்கள் இன்னொரு விவாதம். கறுப்புப் பட்டும் சரிகையும் போட்டு வருபவர்கள் பார்க்கப்படவே வருகிறார்கள், அதில் தயக்கமில்லை. ஆனால் செயின்ட் மேரி தேவாலய வளாகத்தில் கல்லறைகள்மேல் சாய்ந்தும் உட்கார்ந்தும் படம் எடுத்துக்கொள்வதில் ஊரில் பலருக்கு மனவருத்தம் உண்டு. அவர் எடுத்த அப்படிப்பட்ட படங்கள் ஏழெட்டு. கல்வெட்டில் பெயர் படிக்க முடிந்தவற்றை மட்டும் நிறுத்திவைத்தோம்.

ஒன்றை அவரே நிறுத்தினார். தட்டையான அடிப்பாகம் கொண்ட, இந்தக் கரைக்கே உரிய கோபிள் படகில் ஒருவர் வலையைச் சரிசெய்துகொண்டிருக்கும் படம். அருமையான வெளிச்சம். காட்டியதும் இடக்கையால் மேசையிலிருந்து தள்ளிவிட்டார். மறுவாரம் காட்டியபோதும் அப்படியே. காரணம் கேட்க அட்டையில் வழியில்லை. படத்தை எடுத்துவைத்துவிட்டோம்.

விளைவு

ஒன்றரை ஆண்டு வேலைக்குப் பிறகு, இரட்டைப் பிரதிகளை நீக்கியதுபோக மீதமுள்ள படங்களில் இரண்டாவது கேமராவுடையவை அனைத்துக்கும் நாளும் மணியும் உண்டு. முதல் கேமராவுடையவற்றில் பாதிக்குச் சற்று மேல் நாள் வரை தெரியும். மற்றவற்றுக்கு ஆண்டோ பருவமோ, சிலவற்றுக்கு எதுவுமே இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எப்படிக் கிடைத்தது என்று ஒரு வரி இருக்கிறது: ‘கேமரா’, ‘நகர மண்டபக் கடிகாரம்’, ‘கணக்கு, வாக்குச்சாவடி’. நாளைக்கு யாராவது எங்களைத் திருத்த வேண்டுமென்றால் எங்கே இடிப்பது என்று தெரியட்டும்.

இனி மாற்றியவை

புதிதாக யார் படங்களைக் கொண்டுவந்தாலும், நகல் எடுப்பதற்கு முன்பே உட்காரவைத்து, நூறு படத்துக்கு அவரைப் பேசச் சொல்லிக் குரலைப் பதிவுசெய்கிறோம். கோப்புகளில் மூலத் தேதியை மாற்றுவதில்லை. திருத்தம் தனிப் பத்தியில் போகிறது. ஒரு ஆண்டு பொருந்திவிட்டால், மீதி ஆண்டுகளையும் கடைசிவரை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம். முதல் மாற்றத்தைப் பத்து ஆண்டுகளுக்கு முன் செய்திருக்கலாம். அவர் எங்கள் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து போனவர்தான்.

உறுப்பினர்களிடம் இன்னொன்றும் சொல்கிறோம்: கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே போனால், முதல் படமாகக் கைபேசித் திரையின் தேதியையும் மணியையும் எடுத்துவிடுங்கள். கேமரா கடிகாரம் என்ன சொன்னாலும் கவலையில்லை. இதை அவர் வீட்டிலும் பேச்சோடு பேச்சாகச் சொன்னோம்.

போன கோடையில் அவர் மறுபடி எடுக்கத் தொடங்கினார். கேமராக்களின் பொத்தான் பெரும்பாலும் வலப்பக்கம்தான் இருக்கும். இடக்கைக்காரர்களுக்கென்று கடையில் கிடைப்பது அரிது. அதனால் கேமராவையே கவிழ்த்துப் பிடித்து இடக்கைக் கட்டைவிரலால் அழுத்துகிறார். வந்து சேர்ந்த மெமரி கார்டில் துறைமுகம், பாலம், கடற்பறவைகள் எல்லாம் தலைகீழ். முதல் படமும் தலைகீழாகத்தான் இருந்தது: சமையலறை மேசை, அதன்மேல் அவர் மனைவியின் கைபேசி, காலை 7:52.